கெட்டில் போட்டால் படுக்கையறைச் சுவரில் காந்தப்புலம் ஏறுகிறது: வயரிங்கில் எங்கே தேடுவது?

கிழக்குவாசல்:

கீழ்தளம், மேல்தளம் உள்ள வீடு. சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிபி (மின்சாரத்தைச் சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) வாசல் பக்கம், சமையலறை பின்பக்கம், இரண்டுக்கும் நடுவில் படுக்கையறை. மூன்று அச்சு காஸ் மீட்டரில் (காந்தப்புலத்தை மூன்று திசையிலும் சேர்த்து அளக்கும் கருவி) கிடைத்த அளவுகளைத் தருகிறேன்.

எல்லா விளக்கும் ஃபேனும் அணைந்திருக்கும்போது படுக்கையறையில் 0.03 மைக்ரோடெஸ்லா. சமையலறையில் 2000 வாட் கெட்டிலைப் போட்டதும், கட்டில் ஒட்டியிருக்கும் சுவரிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் 1.7, 60 செ.மீ.யில் 0.9, 120 செ.மீ.யில் 0.5. கெட்டிலை அணைத்த கணமே பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மெயினை அணைத்தால் 0.01. இத்தனைக்கும் அந்தச் சுவரில் பவர் பாயிண்டே கிடையாது. லைட், ஃபேன் ஸ்விட்ச் போர்டு ஒன்றுதான். சமையலறை லைன் அந்தப் பக்கம் வரவே இல்லை, எதிர்ப்புற நடைவழி மேலாகப் போகிறது.

டிபியில் வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, கெட்டில் போட்டு ஒருமுறையும் விழுந்ததில்லை. எலக்ட்ரீஷியன் வோல்டேஜ், எர்த் இரண்டையும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்கிறார். இது வயரிங் பிழையா? அவரிடம் எந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும்? இந்த அளவு உடம்புக்குக் கெடுதலா?

நியூட்ரல்லிங்க்:

வயரிங் பிழைதான். உங்கள் மூன்று அளவுகளே அதைச் சொல்லிவிட்டன. தூரம் இரட்டிக்கும்போது புலம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது: 1.7, 0.9, 0.5. துணை இல்லாமல் தனியாக ஓடும் மின்னோட்டத்தின் அடையாளம் இது. பேஸும் (மின்னோட்டம் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பும் ஒயர்) அருகருகே ஒரே அளவு மின்னோட்டத்தோடு எதிரெதிர்த் திசையில் போயிருந்தால், தூரம் இரட்டித்ததும் புலம் நாலில் ஒன்றாகியிருக்கும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி சுருள் உள்ள கருவி என்றால் எட்டில் ஒன்று. கருவியா வயரிங்கா என்று பிரிக்க இந்த ஒரு சோதனை போதும்.

எவ்வளவு மின்னோட்டம் தனியாக ஓடுகிறது என்பதையும் சுவரைத் தொடாமலே கணக்கிடலாம். நீண்ட நேர்க்கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தூரத்தில் 0.2 மைக்ரோடெஸ்லா. திருப்பிப் போட்டால், மைக்ரோடெஸ்லாவை மீட்டரால் பெருக்கி 5-ஆல் பெருக்க வேண்டும். 1.7 × 0.3 × 5 = 2.55. 0.9 × 0.6 × 5 = 2.7. 0.5 × 1.2 × 5 = 3. ஆக, அந்தச் சுவருக்குள் சுமார் 2.7 ஆம்பியர் துணையில்லாமல் போகிறது. கெட்டில் எடுப்பது 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது தன் நியூட்ரலில் திரும்பாமல் படுக்கையறை வழியாகத் திரும்புகிறது. ஒழுங்கான வயரிங்கில் இதே 8.7 ஆம்பியர், 5 மி.மீ. இடைவெளியில் இருக்கும் பேஸ், நியூட்ரல் ஜோடியில் ஓடினால் 30 செ.மீ.யில் 0.1 மைக்ரோடெஸ்லாதான் வரும், 60 செ.மீ.யில் 0.025-க்கும் கீழே.

ஆர்சிசிபி ஏன் விழவில்லை? அது பார்ப்பது தன் வழியாகப் போகும் பேஸ் மின்னோட்டமும் தன் வழியாகத் திரும்பும் நியூட்ரல் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டும். உங்கள் 2.7 ஆம்பியர் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியாக டிபிக்கே வந்து, அதே நியூட்ரல் லிங்கில் (எல்லா நியூட்ரல்களும் சேரும் பட்டை) சேர்ந்து, அதே ஆர்சிசிபிக்குள் நுழைகிறது. மொத்தக் கணக்கு சரியாக இருப்பதால் அது அசையாது. மின்னோட்டம் எர்த்துக்குப் போயிருந்தால் 30 மில்லிஆம்பியருக்குள்ளேயே விழுந்திருக்கும். எனவே உங்கள் வீட்டில் நியூட்ரல்-எர்த் தொடர்பு இல்லை, இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல்கள் எங்கோ ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கின்றன. வோல்டேஜ் பார்த்தால் இது ஒருநாளும் தெரியாது, எல்லா இடத்திலும் 230 காட்டும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது: டிபி மூடியைக் கழற்றி, கெட்டில் ஓடும்போது சமையலறை எம்சிபியின் (அந்த சர்க்யூட்டைக் காக்கும் தானியங்கி ஸ்விட்ச்) பேஸ் ஒயரையும் அதன் நியூட்ரல் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளாம்ப் மீட்டரின் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) தாடைக்குள் விட வேண்டும். பூஜ்யம் காட்ட வேண்டும். 2.7 காட்டினால் அதுதான் தொலைந்த மின்னோட்டம். பிறகு மற்ற சர்க்யூட்டுகளின் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். அவை அணைந்திருக்கும்போதும் எந்த ஜோடி 2.7 காட்டுகிறதோ அங்கேதான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. பழைய டிபிக்களில் நியூட்ரல் லிங்கில் ஒயர்கள் வரிசை மாறி இருக்கும், எது எந்த சர்க்யூட்டின் நியூட்ரல் என்று தெரியாது. அப்போது ஒவ்வொரு நியூட்ரலையும் தனித்தனியாகப் பிடித்தால் ஒன்றில் 6, இன்னொன்றில் 2.7 தெரியும்.

சாதாரண கிளாம்ப் மீட்டரில் ஜோடியைப் பிடிக்கும்போது தாடைக்குள் ஒயர் இருக்கும் இடத்தைப் பொறுத்து 0.05, 0.1 ஆம்பியர் பொய்யாகக் காட்டலாம். ஒயரைத் தாடையின் நடுவில் வைத்து, மீட்டரைச் சற்றுத் திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மில்லிஆம்பியர் வரை காட்டும் லீக்கேஜ் கிளாம்ப் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எச்சரிக்கை ஒன்று. மூடியைத் திறந்த டிபியில் மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அதன் உள்வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். கரண்ட் இருக்கும்போது நியூட்ரல் ஒயரை லிங்கிலிருந்து யாரும் கழற்றக் கூடாது. கழற்றிய நியூட்ரலின் முனை, லோடு வழியாக, 230 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். நியூட்ரல்கள் சேர்ந்திருக்கும் வீட்டில், அந்த சர்க்யூட்டின் எம்சிபியை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் செல்லாது. அடுத்த சர்க்யூட்டின் மின்னோட்டம் அதே நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்.

அளவுகோல்:

மீட்டர் பற்றிச் சில வார்த்தைகள், இந்த இழையைப் பிறகு படிப்பவர்களுக்காக.

போன் ஆப் வேண்டாம். போனில் இருக்கும் காந்த உணரி திசைகாட்டிக்கானது. 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் பூமியின் நிலையான புலத்தைப் பார்க்கச் செய்தது. 50 ஹெர்ட்ஸில் 0.5 மைக்ரோடெஸ்லா ஆடுவதை அது நம்பும்படி காட்டாது.

1 மைக்ரோடெஸ்லா 10 மில்லிகாஸ். மீட்டர் எந்த அலகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் இங்கேதான் பத்து மடங்கு பயந்துவிடுகிறார்கள்.

ஒற்றை அச்சு மீட்டர் என்றால் ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆனால் பிழையைத் தேடும் வேலைக்கு ஒற்றை அச்சுதான் நல்ல கருவி. புலம் ஒயரைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. ஆகவே உணரியின் அச்சு ஒயரின் நீளத்தோடு ஒத்திருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வரும். சுவரில் மீட்டரைத் திருப்பித் திருப்பி எந்தத் திசையில் அளவு விழுகிறதோ அந்தத் திசையில்தான் ஒயர் ஓடுகிறது. சுவரோடு நகர்த்திக்கொண்டே போனால் பைப் எங்கே திரும்புகிறது என்பதுகூடத் தெரியும்.

அளக்கும்போது லோடு மாறாமல் இருக்க வேண்டும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரூம் ஹீட்டர் மாதிரி சூடேற்றும் கருவி நல்லது, ஆனால் தெர்மோஸ்டாட் இடையில் வெட்டிவிடும். கெட்டிலில் தண்ணீர் நிறைய ஊற்றிவிடுங்கள். ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம், அவை எடுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்கும்.

செம்புக்கம்பி:

நியூட்ரல்லிங்க் சார் சொன்னதோட, ஜாயிண்ட் எங்க இருக்கும்னு கண்டுபிடிக்கறத நான் சொல்றேன். சுவரை உடைக்க வேண்டாம், கணக்கே காட்டிக்குடுக்கும்.

முதல்ல ஒரு வித்தியாசம் பாருங்க. கடன் வாங்கின நியூட்ரல் வேற, சேர்ந்துபோன நியூட்ரல் வேற. மாடிப்படி லைட்டுக்கு பேஸ் கீழ்தள சர்க்யூட்டுல இருந்தும் நியூட்ரல் மேல்தள சர்க்யூட்டுல இருந்தும் எடுத்திருந்தா அது கடன். அந்த லைட்டோட மின்னோட்டம் மட்டும்தான் தனியா சுத்தும். எல்இடி காலத்துல அது ரொம்பச் சின்னது. சேர்ந்துபோன நியூட்ரல்ங்கறது ஒரே பாக்ஸுக்குள்ள ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தினது. அப்போ வீட்டுல இருக்கற பெரிய லோடு எல்லாம் ரெண்டு வழியாப் பிரிஞ்சு ஓடும். உங்களுக்கு இருக்கறது ரெண்டாவது.

ரெண்டு வழின்னா, மின்னோட்டம் ரெசிஸ்டன்ஸுக்கு எதிர்விகிதத்துல பிரியும். ரெண்டரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர் மீட்டருக்கு 7.4 மில்லிஓம், ஒன்றரை ஸ்கொயர் 12.1 மில்லிஓம். சமையலறை நியூட்ரல் ரெண்டரை, லைட் நியூட்ரல் ஒன்றரைன்னு வெச்சுக்கறேன், உங்க வீட்டுல வேறன்னா அந்த எண்ணைப் போட்டுக்கங்க.

கெட்டிலை டிபிக்குப் பக்கத்துல இருக்கற சமையலறை பிளக்குல இருந்து ஆரம்பிச்சு, அதே சர்க்யூட்டுல ஒவ்வொரு பிளக்கா மாத்துங்க. ஒவ்வொரு தடவையும் டிபியில சமையலறை ஜோடியைக் கிளாம்ப்ல பாருங்க. டிபிக்குக் கிட்ட இருக்கற பிளக்குல தொலையற மின்னோட்டம் கம்மியா இருக்கும், ஏன்னா நேர் வழி சுருக்கம். தூரம் போகப்போக ஏறும். ஜாயிண்ட்டைத் தாண்டினதுக்கு அப்புறம் எந்த பிளக்குல போட்டாலும் ஒரே எண்தான். ஏறறது எங்க நிக்குதோ, அதுக்கு முன்னாடி பிளக்குக்கும் அந்த பிளக்குக்கும் நடுவுலதான் ஜாயிண்ட்.

அடுத்தது கரண்ட் இல்லாத சோதனை. மெயினை அணைச்சு, எல்லா எம்சிபியையும் அணைச்சு, டெஸ்டரை நம்பாம மீட்டரால கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, ரெண்டு நியூட்ரலையும் லிங்க்ல இருந்து கழற்றி அதுக்கு நடுவுல ஓம் பாருங்க. தனித்தனியா இருந்தா திறந்த சர்க்யூட்டுன்னு காட்டணும். 1 ஓமுக்குள்ள வந்தா நேரடி ஜாயிண்ட். அம்பது, நூறு ஓம்னு வந்தா அது ஜாயிண்ட் இல்லை, ஏதோ ஒரு லோடு வழியா தொடர்பு இருக்கு, பேஸ் பக்கம் எங்கயோ ரெண்டு சர்க்யூட்டும் கலந்திருக்குன்னு அர்த்தம். 0.01 ஓம் வரைக்கும் காட்டற கன்டின்யூட்டி டெஸ்டரா இருக்கட்டும். லீடு ரெண்டையும் முட்ட வெச்சு வர்ற அளவைக் கழிச்சுடணும், இல்லாட்டி ஜாயிண்ட் இருக்கற தூரம் சில மீட்டர் தப்பிடும்.

இந்த ரெண்டு எண்ணையும் இங்க போடுங்க.

நடைவழி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் தரையோடு 0.4 மைக்ரோடெஸ்லா நிற்கிறது. இரும்புக் குடிநீர்க் குழாய் அந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. இதையும் வயரிங் பிழை என்று எடுத்துக்கொள்வதா?

நியூட்ரல்லிங்க்:

நடைவழி, மெயின் அணைந்தும் நின்றால் மூலம் உங்கள் வயரிங் இல்லை. இரண்டு வாய்ப்புகள். தெருவில் போகும் மின்கம்பி, கேபிள் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அந்தப் பக்கச் சுவரை நெருங்க நெருங்க அளவு ஏறும். குழாய் வழியாக வரும் மின்னோட்டம் என்றால் குழாயை ஒட்டி ஏறும், குழாய் போகும் பாதையையே பின்தொடரும். உலோகக் குழாய் பல வீடுகளை இணைக்கும்போது, நியூட்ரலும் எர்த்தும் வீட்டு வாசலில் இணைக்கப்படும் சப்ளை முறையில், பக்கத்து வீட்டு நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பகுதி குழாய் வழியாக உங்கள் எர்த்துக்கு வந்து, உங்கள் சர்வீஸ் நியூட்ரலில் திரும்பிப் போகும். மெயின் அணைந்திருக்கும்போது எர்த் ஒயரைக் கிளாம்ப்பில் பிடித்தால் அந்த மின்னோட்டம் தெரியும். பெரிய தாடை உள்ள கிளாம்ப் இருந்தால் குழாயையே பிடிக்கலாம். சர்வீஸ் கேபிளை மொத்தமாகப் பிடித்தாலும் அதே எண் வர வேண்டும்.

எர்த் ஒயரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். கழற்றும் கணத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் வரலாம். தெருவில் நியூட்ரல் அறுந்திருந்தால் அந்தத் தெருவின் மின்னோட்டமே உங்கள் எர்த்தில் போய்க்கொண்டிருக்கும். எர்த்தில் சில ஆம்பியர்கள் ஓடுவது தெரிந்தால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அது, நாள் கடத்தக் கூடாது. குழாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் போட்டால் மின்னோட்டம் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டின் எர்த்தே அந்தக் குழாயை நம்பியிருந்தால் பாதுகாப்பு போய்விடும். தனி எர்த் இருப்பதை அளந்து உறுதிசெய்த பிறகு, உரிமம் பெற்றவர் முடிவெடுக்க வேண்டிய வேலை.

கிழக்குவாசல்:

சோதனை முடிந்தது. டிபியில் சமையலறை ஜோடி 2.7 ஆம்பியர், கீழ்தள லைட் ஜோடியும் 2.7, லைட் எம்சிபி அணைந்திருக்கும்போதும் அதே 2.7. கழற்றிய இரண்டு நியூட்ரல்களுக்கும் நடுவில், லீடு கழித்து, 0.35 ஓம். பிளக் மாற்றியபோது முதல் பிளக்கில் 1.2, இரண்டாவதில் 2.0, மூன்றாவதில் 2.7, நான்காவதில் 2.7. ஒயர் நீங்கள் சொன்ன அளவுகள்தான்.

செம்புக்கம்பி:

அருமையான அளவு. கணக்கு இதோ.

மொத்த லூப் 0.35 ஓம். லைட் வழியா போற பங்கு 2.7-ஐ 8.7-ஆல வகுத்தா 0.31. டிபியில இருந்து ஜாயிண்ட் வரைக்கும் சமையலறை நியூட்ரலோட ரெசிஸ்டன்ஸ் 0.35 × 0.31 = 0.109 ஓம். ரெண்டரை ஸ்கொயர்ல அது 14.7 மீட்டர். மிச்சம் 0.241 ஓம் லைட் நியூட்ரல், ஒன்றரை ஸ்கொயர்ல 20 மீட்டர். ரெண்டாவது பிளக்குக்கும் இதே கணக்கைப் போட்டா டிபியில இருந்து 10.9 மீட்டர். அப்போ ஜாயிண்ட் ரெண்டாவது பிளக்கைத் தாண்டி, ஒயர் வழியா கிட்டத்தட்ட 4 மீட்டர்ல இருக்கு.

ஏறி இறங்கற ஒயரையும் சேர்த்து 4 மீட்டர். பிளக்குல இருந்து சீலிங்குக்கு ஒன்றரை மீட்டர் மேல, குறுக்க ஒரு மீட்டர், கீழ ஒன்றரை மீட்டர்னா அங்க என்ன போர்டு இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச் இருக்கற போர்டு. ஃபேனுக்கு பேஸ் லைட் சர்க்யூட்டுல இருந்து வந்திருக்கும், பக்கத்துலயே பவர் பிளக்குக்கு சமையலறை சர்க்யூட் வந்திருக்கும். ரெண்டு சர்க்யூட்டும் சந்திக்கற பாக்ஸுலதான் இந்தத் தப்பு நடக்கும். எல்லா கறுப்பு ஒயரையும் நியூட்ரல்தானேன்னு ஒண்ணா முறுக்கிடுவாங்க.

திறக்கறதுக்கு முன்னாடி மெயினையே அணைக்கணும், ஒரு எம்சிபி போதாது. முறுக்கைப் பிரிச்சு, எது எந்த சர்க்யூட்டுன்னு கன்டின்யூட்டில பாருங்க: டிபியில சமையலறை நியூட்ரலை மட்டும் கழற்றி, நீளமான லீடு ஒண்ணுல அதுக்கும் பாக்ஸுல இருக்கற ஒவ்வொரு ஒயருக்கும் நடுவுல பாருங்க. டிபியில இருந்து வர்ற ஒயரும் அடுத்த பிளக்குக்குப் போற ஒயரும் ஒரு கனெக்டர்ல. லைட் சர்க்யூட்டோட வர்ற ஒயர், எக்ஸாஸ்ட் ஃபேன் நியூட்ரல், அதுக்கு மேல போற லூப் இன்னொரு கனெக்டர்ல. டேப் வேண்டாம். ஸ்க்ரூ உள்ள ஸ்ட்ரிப் கனெக்டரோ லீவர் கனெக்டரோ போட்டு, ஒவ்வொண்ணுலயும் எந்த எம்சிபின்னு எழுதி ஒட்டுங்க. அப்பதான் அடுத்து வர்றவர் திரும்ப ஒண்ணா முறுக்க மாட்டார்.

பிரிச்சதும் ஏதாவது லைட் எரியலைன்னா பயப்படாதீங்க. அந்த லைட்டோட நியூட்ரல் இத்தனை நாள் தப்பான பக்கத்துல தொங்கிட்டு இருந்திருக்கு, சரியான கனெக்டருக்கு மாத்துங்க. அது எரியணும்னு ரெண்டையும் மறுபடி சேர்த்துட்டா எல்லா உழைப்பும் வீண்.

பனங்காடு:

இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில் இதே பிரச்சினை வேறு வடிவில் நிறைய இருக்கிறதே. அதையும் யாராவது விளக்கினால் நல்லது.

நியூட்ரல்லிங்க்:

ஆமாம், இன்று வீடுகளில் பெரிய லூப் உருவாகும் முக்கியமான இடம் அது. இன்வெர்ட்டர் மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் ரூமிலோ இருக்கும். அதற்கு இன்புட் பக்கத்து பிளக்கிலிருந்து மூன்று பின்னில். அவுட்புட்டில் பேஸ் ஒற்றை ஒயர் மட்டும் வேறு பைப்பில் டிபிக்கு இழுத்து, லைட் எம்சிபிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நியூட்ரல் ஏற்கெனவே டிபியில் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டரிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் டிபி நியூட்ரலுக்கு வந்து, இன்புட் பிளக்கின் நியூட்ரல் வழியாகச் சுற்றித்தான் இன்வெர்ட்டருக்குத் திரும்ப முடியும். மெயின்ஸில் ஓடும்போதும் பேஸ் ஒரு பைப்பில் போய் இன்னொரு பைப்பில் திரும்புகிறது. இரண்டு பைப்புக்கும் நடுவில் இருக்கும் அறைகள் முழுவதும் லூப்புக்குள். 4 ஃபேன், சில விளக்கு, டிவி சேர்ந்து 2 ஆம்பியர் எடுத்தால் 1 மீட்டரில் 0.4 மைக்ரோடெஸ்லா, இரவு முழுவதும்.

இதில் இன்னொரு தீங்கு, பேட்டரியில் ஓடும்போது இன்புட் பிளக்கை யாராவது பிடுங்கினால் இன்வெர்ட்டருக்குத் திரும்பும் நியூட்ரல் வழி அறுந்து, விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும்.

தீர்வு: அவுட்புட் பேஸும் அவுட்புட் நியூட்ரலும் ஒரே பைப்பில் டிபிக்கு வர வேண்டும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளுக்குத் தனி நியூட்ரல் லிங்க் போட்டு, அந்த சர்க்யூட்டுகளின் நியூட்ரல்களை மட்டும் அதற்கு மாற்ற வேண்டும். பொது லிங்கோடு அதை இணைக்கக் கூடாது. மாற்றுவதற்கு முன் செம்புக்கம்பி சொன்ன ஓம் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். எங்காவது பாக்ஸில் ஃபேன் நியூட்ரலும் பவர் நியூட்ரலும் சேர்ந்திருந்தால், தனி லிங்க் போட்டும் பயனில்லை, அந்த லைனுக்குத் தனி ஆர்சிசிபி இருந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழும்போது ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று அந்த லைனை ஆர்சிசிபிக்கு முன்னால் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விழுவது ஆர்சிசிபியின் குறை அல்ல, அது சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

அளவுகோல்:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 200 மைக்ரோடெஸ்லா, இது ஐசிஎன்ஐஆர்பி (அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) 2010-இல் சொன்னது. 1998-இல் 100 என்று வைத்திருந்தார்கள். உங்கள் 1.7 அதற்கு நெடுந்தொலைவு கீழே. மறுபக்கம், 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகைப் புலத்தை 2பி, அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. நீண்டகாலச் சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகம் என்ற புள்ளிவிவரத் தொடர்புதான் அடிப்படை. அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. கெட்டில் ஓடும் சில நிமிடங்களை வைத்துச் சராசரி கணக்கிட முடியாது. 24 மணிநேரம் பதிவு செய்யும் மீட்டரைத் தலையணை பக்கம் வைத்தால்தான் சராசரி தெரியும்.

ஆனால் சரிசெய்ய வேண்டியதற்கு உடல்நலத்தைவிட உடனடிக் காரணம் இருக்கிறது. சமையலறை நியூட்ரல் டிபியில் தளர்ந்து விட்டுப்போனால், சமையலறை லோடு முழுவதும் ஒன்றரை ஸ்கொயர் லைட் நியூட்ரலில் திரும்பும். அந்த நியூட்ரலைக் காக்க எந்த எம்சிபியும் இல்லை. சமையலறை எம்சிபி 20 ஆம்பியர் என்றால் அதுவரை அது அசையாது, ஒன்றரை ஸ்கொயர் ஒயர் சுவருக்குள் சூடாகும்.

கிழக்குவாசல்:

எக்ஸாஸ்ட் ஃபேன் போர்டேதான். ஐந்து கறுப்பு ஒயர்கள் ஒரே முறுக்கில், மேலே உருகிக் காய்ந்த டேப். பிரித்து இரண்டு கனெக்டர் போட்டாயிற்று. நியூட்ரல்களுக்கு நடுவே இப்போது திறந்த சர்க்யூட். கெட்டில் ஓடும்போது இரண்டு ஜோடியும் 0.00, படுக்கையறைச் சுவரில் 30 செ.மீ.யில் 0.03. எல்லோருக்கும் மிக்க நன்றி.

ஒன்று பாக்கி. மாடிப்படி விளக்குகளைப் போட்டால் படிச்சுவரில் 30 செ.மீ.யில் 0.13 வருகிறது. கீழ்தள லைட் ஜோடியில் 0.2, மேல்தள ஜோடியிலும் 0.2 ஆம்பியர். இது செம்புக்கம்பி சொன்ன கடன் நியூட்ரல்தானே?

செம்புக்கம்பி:

அதேதான். 0.13 × 0.3 × 5 = 0.2, கிளாம்ப்போட ஒத்துப்போகுது. புலம்னு பார்த்தா சின்னது, ஆனா விடாதீங்க. கீழ்தள எம்சிபியை மட்டும் போட்டு, மேல்தள எம்சிபியை அணைச்சுட்டு மேல ஒருத்தர் வேலை பார்த்தா, அவர் கையில இருக்கற நியூட்ரல் பிரிஞ்ச உடனே படி லைட் வழியா 230 வோல்ட் வரும்.

இப்ப இருக்கற வயரிங்: கீழ் ஸ்விட்சுக்குக் கீழ்தள பேஸ், ரெண்டு ஸ்விட்சுக்கும் நடுவுல ரெண்டு டிராவலர் ஒயர், மேல் ஸ்விட்சுல இருந்து லைட்டுக்கு ஒரு ஒயர், லைட்டோட நியூட்ரல் மேல்தளத்துது. டிராவலர் வழியா மேல போற மின்னோட்டத்துக்கு அதே பைப்புல திரும்பி வர ஒயர் இல்லை, அதான் புலம்.

கீழ் ஸ்விட்ச் போர்டுல கீழ்தள லைட் சர்க்யூட்டோட நியூட்ரல் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஸ்பிரிங் (பைப்புக்குள்ள ஒயர் இழுக்கற கம்பி) விட்டு, டிராவலர் போற அதே பைப்புல ஒன்றரை ஸ்கொயர் ஒயர் ஒண்ணு மேல இழுங்க. லைட்டுல மேல்தள நியூட்ரலைக் கழற்றி, முனையை கனெக்டர்ல மூடிட்டு, புது நியூட்ரலைக் குடுங்க. வேற பைப்புல இழுத்துடாதீங்க, லூப் அப்படியே இருக்கும். பழைய நியூட்ரலையும் புதுசையும் சேர்த்து லைட்டுல குடுத்துடாதீங்க, கடனா இருந்தது சேர்ந்துபோன நியூட்ரலா மாறிடும், எக்ஸாஸ்ட் போர்டு கதை படியில ஆரம்பிக்கும்.

முடிச்சதும் ரெண்டு மேல்கீழ் ஸ்விட்சையும் நாலு நிலையிலயும் மாத்தி மாத்திப் போட்டு ஜோடியைப் பிடிங்க. டிராவலர்ல எது வழியா போனாலும் பூஜ்யம் வரணும். அப்புறம் எல்லா எம்சிபியையும் அணைச்சுட்டு மேல்தள நியூட்ரலுக்கும் கீழ்தள நியூட்ரலுக்கும் ஓம் சோதனையை ஒருதடவை திரும்பப் பாருங்க, மெயின் அணைச்சு, ரெண்டையும் லிங்க்ல இருந்து கழற்றிட்டு.